கார்பன் சமநிலை: குத்தகைப் பணம் யாருக்கு?

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2070-க்குள் இந்தியா கார்பன் சமநிலையை எட்டும் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். அதற்கான முதல் படி, நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறனை 2030-க்குள் 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது. அதில் பெரும்பங்கு சூரிய ஒளியிலிருந்து வர வேண்டும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால் தகடுகளைப் பரப்ப நிலம் வேண்டுமே! ஒரு மெகாவாட்டுக்கு நான்கிலிருந்து ஆறு ஏக்கர் வரை ஆகிறது.

நிலம் என்றதும் சாதி வந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் கையில் இருக்கும் சாகுபடி நிலமோ 9 சதவீதத்துக்கும் குறைவு.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பாவகடா. மழை பொய்க்கும் பூமி, நிலக்கடலை விளையும் காடு. அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா இயங்குகிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடும். பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது, கடலை பொய்த்தாலும் பணம் வருகிறது. இதை நாட்டுக்கே முன்மாதிரி என்கிறார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே நிலத்தில் களை எடுத்தும் கடலை பிடுங்கியும் பிழைத்த குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் பட்டா இல்லை, அதனால் குத்தகைப் பணமும் இல்லை. காடு போனதும் கூலி போயிற்று, ஆடு மேய்த்த இடமும் போயிற்று. வேலிக்குள்ளே கிடைப்பது புல் வெட்டுவது, தகடு கழுவுவது, காவல் காப்பது என்று ஒரு சிலருக்கான வேலைதான்.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் அந்தப் பகுதியில் மூன்று ஆண்டுகள் உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிக் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று அவர்களுக்கும் வழி சொல்கிறது. ஆனால் குத்தகை என்பது கையகப்படுத்தல் ஆகாது. எனவே அந்த உரிமை வாசலிலேயே நின்றுவிடுகிறது. சூரியத் தகடு மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியும் தேவையில்லை என்பதால், அதற்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. கூலிக்காரர் எழுந்து பேச ஒரு நாற்காலிகூட இல்லை.

‘பூமியே சூடாகிறது, இப்போது போய்ச் சாதியைப் பேசலாமா?’ என்று கேட்பார்கள். வெள்ளம் முதலில் புகுவது தாழ்வான இடத்தில் தள்ளி வைக்கப்பட்ட சேரிக்குள்தான். வெட்டவெளியில் வெயிலைத் தாங்குவதும் அந்த உடல்கள்தான். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. நாம் கேட்பது பங்கு.

குத்தகைத் திட்டங்களிலும் கூலிக் குடும்பங்களுக்கு 2013 சட்டத்தின் உரிமைகள் வேண்டும். விற்கும் மின்சாரத்தின் வருவாயில் ஒரு பகுதி, ஊரின் நிலமற்றோர் பெயரில் ஆண்டுதோறும் சேர வேண்டும். எந்தப் பூங்காவில் யார் குத்தகை பெற்றார், யார் வேலை இழந்தார் என்பதைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும்.

1943-இல் மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராக இருந்தவர் அம்பேத்கர். மின்சாரம் தனியார் உடைமையா, அரசு உடைமையா என்ற கேள்வியை அங்கே அவர் முன்வைத்தார். 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பாராமல் ஊர் மக்களுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்றார். இரண்டையும் நாம் தனித்தனியாகவே படித்துவருகிறோம். பாவகடா போன்ற ஊர்களில் மின்சாரமும் நிலமும் ஒரே வேலிக்குள் வந்துவிட்டன. இனி இரண்டையும் சேர்த்துப் படிப்போம், சேர்த்தே கேட்போம்.

ஜெய் பீம்.