எந்திரம் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்!

(பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மீன் விலையைப் பற்றியும், முகத்துவாரம் மண்மேடிடுவதைப் பற்றியும் பேசவேண்டிய ஊரில் கம்ப்யூட்டர் பாடத்தைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகள் இழந்த 19 மாதங்களுக்காகப் பேசுகிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. அதுவரை போனில் பாடம் வரும் என்றார்கள். வீட்டுக்கு ஒரு போன். அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். கரைக்கு வரும்போது சார்ஜ் இராது; சார்ஜ் இருந்தால் நெட்டுக்குக் காசு இராது. மூன்று பிள்ளைகள் இருந்தால் யார் கையில் கொடுப்பது? பையன் கையில் கொடுத்தோம். பெண்ணை வீட்டு வேலைக்கு ஏவினோம். இதில் நம் குற்றமும் உண்டு, மறைப்பானேன்? மில் தொழிலாளி வீட்டிலும், விவசாயத் தொழிலாளி குடிசையிலும் இதே கதைதான்.

2019-லேயே சர்க்கார் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியிருந்தது. அதற்கு நெட் வேண்டாம்; நல்ல காரியம். ஆனால் கணக்கு புரியாத பிள்ளை டி.வி. பெட்டியிடம் எப்படிக் கேட்கும்? கடைசியில் என்ன நடந்தது? 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஊர்ப் பெண்களே தெருவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். எந்திரம் விட்ட இடத்தை மனிதர்கள் நிரப்பினார்கள். அந்த உழைப்புக்கு 1,000 ரூபாய்தானா என்பது தனியே பேசவேண்டிய விஷயம்.

அப்படியானால் எந்திரம் வேண்டாமா? வேண்டும்! பட்டணத்துப் பணக்காரன் பிள்ளைக்குக் கிடைப்பது நம் பிள்ளைக்கு ஏன் கூடாது? யாருடைய கையில் இருக்கவேண்டும் என்பதே பிரச்னை. இந்த ஏரியில் பாடு முறை இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். மீன்படும் இடம் ஒருவன் சொத்தல்ல. முறை வைத்து வலை போடுகிறோம். (அதிலும் சண்டை உண்டு, நமக்குத் தெரியும்.) கம்ப்யூட்டரும் அப்படித்தான் பள்ளியில் இருக்கவேண்டும், பிள்ளைகள் முறைப்படி தொடவேண்டும், பக்கத்தில் வாத்தியார் நிற்கவேண்டும்.

இது ஆகாத காரியமல்ல. கேரளத்தில் 16,027 பள்ளிகளுக்குக் கருவிகள் கொடுத்து, அரசுப் பள்ளிகள் அனைத்தும் டிஜிட்டல் ஆகிவிட்டதாக 2020 அக்டோபர் 12-ல் அறிவித்தார்கள். கம்பெனிக்கு லைசென்ஸ் பணம் கட்டாத சுதந்திர மென்பொருளைத்தான் அங்கே பயன்படுத்துகிறார்கள். இங்கே பாடத்தைச் சரக்காக்கி விற்ற பைஜூஸ் கம்பெனியோ 2024-ல் திவால் வழக்கில் சிக்கியது.

தமிழக சர்க்காரும் 2024-ல் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. வரவேற்கிறோம். ஆனால் இது உப்புக்காற்று வீசும் ஊர். படகு எஞ்சினே துருப்பிடிக்கும்போது கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார்?

இதைக் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஆகவே தாய்மார்களே, அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். எந்திரம் போன மாதம் எத்தனை நாள் ஓடியது, உங்கள் மகள் எத்தனை முறை தொட்டாள் என்று கேளுங்கள். வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.