வானலையில் அண்டை வீட்டார்



அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. காலையில் நன்றாக இயங்கும் இணையம் இரவு எட்டு மணிக்குமேல் நத்தையாகிவிடுகிறது என்பதே அது. உடனே பழியெல்லாம் இணைப்புத் தந்த நிறுவனத்தின் தலையில் விழும். சிற்சில வேளைகளில் அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் பல வேளைகளில் குற்றம் கம்பியில் இல்லை, வெளியில் உள்ளது. நம் வீட்டு வை-ஃபை பெட்டியும் சுவருக்கு அப்பாலுள்ள பெட்டியும் ஒரே அலைவரிசையில் பேச முற்படுகின்றன. இணையவழித் தேர்வு நடக்கும் வேளையில் இவ்வாறு நேர்ந்தால் மாணவன் படும் பாட்டை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேறு வரிசைக்கு மாறிக்கொள்ளலாகாதோ எனின், மாறலாம். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில், எண்ணிட்ட வரிசைகள் பதின்மூன்று இருப்பினும், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பயன்படுத்தத்தக்கவை வழக்கமாக 1, 6, 11 என்னும் மூன்றே. முப்பது வீடுகள் உள்ள கட்டடத்தில் மூன்று வரிசைகள் எம்மட்டு?

1997இல் வெளிவந்த முதல் வை-ஃபை நியமமே இதற்கு ஒரு நாகரிகம் வகுத்தது. பேசுமுன் செவிசாய்க்க வேண்டும். பிறர் பேசினால் காத்திருக்க வேண்டும். தட்டி மறைத்த இரு வகுப்பறைகளில் ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் சரித்திரமும் நடக்கையில், ஆசிரியர் இருவரும் முறைவைத்துப் பேசுவதை ஒத்தது இது. பண்பான ஏற்பாடுதான், ஆனால் பாடம் பாதிதான் நடக்கும். குரலை உயர்த்தினாலோ மூன்றாம் வகுப்பும் வாயடைத்து நிற்கும். பெட்டியின் ஆற்றலைக் கூட்டுவோருக்கும் இதுவே கதி.

இனி, வேறொரு வழியைக் காண்போம். வீட்டில் நீர்த்தொட்டி இருப்பின், இரு விரல்களைச் சற்று இடைவெளிவிட்டு நீரில் ஒரே தாளத்தில் தட்டிப் பாருங்கள். அலைகள் பரவும்போது சில திசைகளில் நீர் மிகுதியாக எழும்பும். சில திசைகளில் ஏறக்குறைய அசையாது நிற்கும். முகடும் முகடும் சேர்ந்த இடம் முன்னது. முகடும் அகடும் சேர்ந்த இடம் பின்னது. வானொலி அலைக்கும் இதே விதிதான். 1905ஆம் ஆண்டிலேயே ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பெர்டினாண்டு பிரவுன் என்னும் அறிஞர் ஆண்டெனாக்கள் மூன்றைக் கொண்டு அலையை ஒரு பக்கமாக மிகுதியாய்ச் செலுத்திக் காட்டினார். 1909இல் மார்க்கோனியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 240 கோடி அதிர்வுகள். அலை வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்வதால், ஓர் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். இரு ஆண்டெனாக்களை அதில் பாதியளவு, அதாவது 6.25 சென்டிமீட்டர், தள்ளி வையுங்கள். இரண்டும் ஒருங்கே ஒலித்தால் நேர் எதிரே இருப்பவர்க்கு அலை வலுக்கும். ஆண்டெனாக்களை இணைக்கும் கோட்டின் நீட்சியில் இருப்பவர்க்கு அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓர் ஆண்டெனாவைச் சிறிது தாமதித்து ஒலிக்கச் செய்தால், இந்த மௌனத் திசை நாம் விரும்பும் பக்கம் திரும்பும். இதற்குக் கற்றை அமைத்தல் என்று பெயர்.

ஆண்டெனா நான்கு இருந்தால் நாம் தெரிந்தெடுக்க வேண்டிய எண்களும் நான்கு. மூன்று இடங்களில் அலை பூச்சியமாக வேண்டும் என்பது மூன்று சமன்பாடு. நான்கு மாறிகளும் மூன்று சமன்பாடுகளும் இருப்பின் விடை எப்போதும் உண்டு என்பதை ஒருங்கமைச் சமன்பாடுகள் பயின்ற மாணவர் அறிவர். ஆகவே ஒரு பெட்டி தன் கைப்பேசிக்குப் பேசிக்கொண்டே, அயலார் கைப்பேசிகள் மூன்றனுக்கு மௌனமாக இருத்தல் கூடும்.

அங்ஙனமாயின் இதனை ஏன் இதுகாறும் செய்யவில்லை? 2013இல் வந்த நியமம் கற்றை அமைக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது உண்மை. பெட்டி தெரிந்த ஒரு குறியை அனுப்பும். கைப்பேசி அஃது எப்படி வந்து சேர்ந்தது என அளந்து திருப்பிச் சொல்லும். சுவரிலும் அலமாரியிலும் பட்டுத் தெறிக்கும் அலைகளெல்லாம் அவ்வளவையில் அடங்கிவிடும். ஆனால் கைப்பேசி சொல்வது தன் பெட்டிக்கு மட்டுமே. அயல்வீட்டுக் கைப்பேசி எங்கே நொந்துகொள்கிறது என்பது நம் பெட்டிக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் மௌனம் வைப்பது எங்ஙனம்?

ஒருங்கிணைந்த கற்றை அமைப்பு இவ்விடத்தில்தான் வருகிறது. இரு பெட்டிகளும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளும். ஒவ்வொரு பெட்டியின் குறியையும் இருபக்கக் கைப்பேசிகளும் அளந்து தெரிவிக்கும். பின்னர் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், மற்றதன் கைப்பேசி இருக்குமிடத்தில் மௌனம் வைத்துப் பேசும். ஒரு வீட்டின் செய்தி மறுவீட்டுக்குப் போவதில்லை; பரிமாறப்படுவன அளவைகளும் நேரக்குறிப்புகளுமே. கைப்பேசிக் கோபுரங்களிடையே இத்தகைய முறைகள் முன்னரே வகுக்கப்பட்டன. வை-ஃபைக்கு, 802.11 பிஎன் எனப்படும் அடுத்த நியமத்தின் பணிகளில் இது இடம்பெற்றுள்ளது.

நிற்க. இதில் ஓர் இடர் உண்டு, அது சிந்திக்கத்தக்கது. மேற்சொன்ன இரு ஆண்டெனா அமைப்பில் 2 மில்லிமீட்டர் அளவு பாதை வேறுபாடு நேர்ந்ததென்று கொள்ளுங்கள். வலுத்த இடத்தில் ஆற்றல் ஆயிரத்தில் மூன்று பங்குகூடக் குறையாது. மௌன இடத்திலோ, ஒற்றை ஆண்டெனா தரும் ஆற்றலில் நூற்றிலொரு பங்கு கசிந்துவிடும். உரக்கப் பேசுவதில் பிழை பொறுக்கும், மௌனத்தில் பொறுக்காது. அறைக்குள் ஒருவர் நடந்தாலே அளவை பழையதாகிவிடுவதால் மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும். அளக்கும் நேரமெல்லாம் பேச முடியாத நேரம். மேலும், கைப்பேசிகள் இரண்டும் அருகருகே இருந்து அளவைகளும் ஒத்துப்போனால், ஒன்றுக்கு மௌனம் வைக்கையில் மற்றதன் அலையும் மங்கிப்போகும். அப்போது வேறு இணையைத் தேர்ந்தெடுப்பதோ, பழைய முறைவைப்பிற்குத் திரும்புவதோதான் வழி.

ஆதலின் இம்முறை முதலில் பயன் தரக்கூடிய இடங்கள் கல்லூரி விடுதி, மருத்துவமனை, நூலகம் போன்றவை என்பது என் கருத்து. அங்கே பெட்டிகள் எல்லாம் ஒரே நிருவாகத்தின் கீழ் உள்ளன. மாணவர்களும் மேசைமுன் அசையாது அமர்ந்திருப்பர், அமர்ந்திருக்க வேண்டும்! அடுக்குமாடியிலோ ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வோர் உரிமையாளர். ஒரு வீட்டார் தம் ஆண்டெனாவின் திறனில் ஒரு பகுதியை அயலாரின் அமைதிக்காக ஒதுக்க வேண்டும். அயலாரும் அவ்வாறே செய்வர் என்பதற்கு உறுதி வேண்டும். சமன்பாடுகள் அவ்வுறுதியைத் தருவதில்லை. அதனைப் பெட்டிகளுக்குள்ளேயே விதியாக எழுதிவைப்பதா, உரிமையாளரின் விருப்பத்திற்கு விடுவதா என்பதை நியமம் வகுப்போரும் பெட்டி செய்வோரும் முடிவு செய்ய வேண்டியுள்ளது.