பட்டமும் கடனும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கல்விக்குச் செலவிடும் பொருள் ஆற்றிலே போடுவதன்று. ஆயினும் அதனையும் அளந்தே போடுதல் வேண்டும். பிள்ளையின் படிப்பு என்றவுடன் கணக்குப் பார்ப்பது அன்புக்குக் குறைவு என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே பலர். அந்த எண்ணம் உயர்ந்ததுதான், ஆயினும் ஆபத்தானது.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்தது புல்மோட்டை. அங்கே ஒரு மீனவக் குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். மகள் உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியெய்திவிட்டாள். "வாப்பா, நான் பட்டம் படிக்கட்டுமா?" என்று கேட்கிறாள். "படி மகள்" என்று சொல்லிவிடுகிறார் தந்தை. அன்றிரவு அவருக்கு உறக்கம் இல்லை. மனைவியின் நகையை எண்ணுகிறார். கரையில் நிற்கும் இயந்திரப் படகை எண்ணுகிறார். அந்த இரவில் அவர் போடவேண்டிய கணக்கு யாது?

கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே கல்வி இலவசமாயிற்று. அரச பல்கலைக்கழகத்திலே பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆதலால் கடனும் இல்லை என்று பலர் கருதுகின்றனர். ஆனால் தங்குமிடமும் உணவும் நூல்களும் பஸ் பயணமும் இலவசமல்ல. வெளியூரில் மாதம் 20,000 ரூபா செலவாகும் எனக் கொண்டால், நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 9,60,000 ரூபா வேண்டும். மகாபொல உதவிப்பணத்தை 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. ஆண்டுக்குப் பத்துத் தவணை வீதம் அது கிடைப்பினும், நான்கு ஆண்டில் வருவது 3,00,000 ரூபா. மீதி 6,60,000 ரூபாவைக் குடும்பமே தேடவேண்டும்.

அப்பணத்தை நகையை அடகு வைத்துப் பெறுவதாகக் கொள்வோம். நூற்றுக்குப் பதினைந்து வட்டி என்றால், ஆண்டு வட்டி மாத்திரம் 99,000 ரூபா. மாதம் 8,250 ரூபா. இதனை எத்தனை ஆண்டு கட்டினாலும் முதல் ஒரு சதமும் குறையாது.

இனி, மகளுக்கு அரச பல்கலைக்கழக அனுமதி கிட்டவில்லை எனக் கொள்வோம். அத்தகைய மாணவர் அரசு சாராக் கல்வி நிறுவனங்களிலே பட்டம் படிப்பதற்கென வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. படிப்பு முடிந்த பின்னர்த் தவணையாகத் திருப்பிச் செலுத்தவேண்டும். ஒருவர் 8,00,000 ரூபா பெற்று எட்டு ஆண்டுகளிலே செலுத்துவதாயின், மாதத் தவணை 8,333 ரூபா. முன்னைய வட்டித் தொகைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தொண்ணூற்றாறாம் மாதம் இக்கடன் தீர்ந்துவிடும். அடகுக் கடனோ அன்றும் முழுதாகவே நிற்கும். ஆகவே, எவ்வளவு கடன் என்பதைவிட எத்தகைய கடன் என்பதே முதற் கேள்வி.

அடுத்த கேள்வி, அத்தவணையைத் தாங்கும் சம்பளம் எது என்பது. 2020ஆம் ஆண்டில் அரசு பட்டதாரிப் பயிலுநர்களைச் சேர்த்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. அதிலே 8,333 ரூபா என்பது ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளக் கீழெல்லையை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியே உயர்த்த வகை செய்தது. அவ்வளவிலே இதே தவணை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. முன்னது குடும்பத்தை நெரிக்கும். பின்னது சிக்கனத்தோடு தாங்கக்கூடியது. மேலும், பட்டம் பெற்ற மறுநாளே வேலை கிடைத்துவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டில் கிழக்கு மாகாணத்துப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியிலே மாதக்கணக்காக அமர்ந்திருந்ததை நாடு கண்டது. அந்தக் காத்திருப்பையும் செலவாகவே எழுதவேண்டும்.

இங்கிலாந்திலே 2012ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 9,000 பவுண் வரை உயர்ந்தது. எனினும் மாணவர் தம் அரசாங்கக் கடனை, குறித்த எல்லைக்கு மேற்பட்ட வருமானத்தில் நூற்றுக்கு ஒன்பது வீதமாகவே செலுத்துகின்றனர். வருமானம் எல்லையைத் தாண்டாவிடின் தவணையும் இல்லை. நம் அடகுக்கடையோ சம்பளம் வந்ததா என்று கேட்பதில்லை; தவணை எங்கே என்றுதான் கேட்கும்.

விஞ்ஞானப் பட்டத்தின் விலை ஏன் சில வேளைகளில் தாழ்ந்து நிற்கிறது? புல்மோட்டைக் கடற்கரையே விடை கூறும். 1957ஆம் ஆண்டில் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது முதல் அக்கரை மணல் பெயர் பெற்றது. நீரோட்டத்தால் கனமான மணலைப் பிரித்து, காந்தத்தால் இல்மனைற்றை எடுத்து, மின்விசையால் ரூட்டைலையும் சிர்க்கோனையும் வேறாக்குகின்றனர். இவை பௌதிகவியல் பாடங்களே. ஆயினும் இல்மனைற்றின் பெரும்பகுதி மணலாகவே கப்பலேறுகிறது. அதனை வெள்ளை நிறமியாக மாற்றும் தொழிலும் அதன் ஊதியமும் பிற நாடுகளுக்குச் செல்கின்றன. இரசாயனம் கற்றவருக்கு இங்கே வேலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டதாரியும் பட்டத்தை மாத்திரம் ஏந்தி நின்றால் அந்த மணலைப் போன்றவரே. ஆய்வுகூடப் பயிற்சி, கணினி அறிவு, சிங்களமும் ஆங்கிலமும் பேசும் திறன் ஆகியன சேரும்போதே அவருடைய மதிப்பு உயரும்.

நேயர்களே, அந்தத் தந்தை என் செய்யலாம்? உழைக்கும் கருவியாகிய படகை விற்றலாகாது. உதவிப்பணமும் வட்டியில்லாக் கடனும் தமக்கு உரியனவா என்று ஆராய்ந்த பின்னரே நகையைத் தொடவேண்டும். நிலாவெளி கோணேசபுரியிலே உள்ள திருகோணமலை வளாகத்திலும் பிரயோக விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. விருப்ப வரிசையை எழுதும்போது, வீட்டுக்கு அருகே படிப்பதால் மிஞ்சும் பணத்தையும் கருதவேண்டும். தொடக்கச் சம்பளத்தின் ஐந்தில் ஒரு பங்கை மீறும் தவணைக்கு உடன்படலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கணக்கை அவர் இருளிலே தனித்துப் போடாது, விடிந்ததும் மகளை அருகே இருத்திக் காகிதத்திலே போடவேண்டும். அவளுடைய படிப்பை நிறுத்துவதற்காக அன்று. அவள் பட்டத்தோடு வீடு திரும்பும் நாளிலும் படகு கரையில் நிற்கவேண்டும் என்பதற்காக. கணிதம் படித்த மகள் அக்கணக்கைத் தந்தையினும் நன்றாகவே போடுவாள்.