குரல் முன்னே, இசை பின்னே

(ஆன்லைன் வகுப்பு எடுக்கும் தன்னார்வ ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் நம் பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாடம் எடுக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒலிப்பதிவு என் தொழில். நீங்கள் சொல்வது அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்பதை மட்டும் பேச வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூட வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆன்லைனில் முகம் தெரியாது. வீட்டில் இருப்பது ஒரே போன். தலைக்கு மேல் ஃபேன் ஓடும், அடுப்படியில் மிக்ஸி சத்தம், பக்கத்தில் தம்பி அழுவான். அந்தச் சூழலில் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி, அத்தனை பேர் முன்னால் மைக்கை ஆன் செய்து, "மிஸ், கேட்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சொல்லத் தயங்குவாள். இரண்டு வாரம் இப்படிப் போனால் என்ன நினைப்பாள்? "நமக்குக் கணக்கு வராது" என்று நினைப்பாள். காதில் விழாததைத் தன் அறிவுக்கு எட்டாதது என்று எண்ணிக்கொள்வாள். பிறகு சத்தமில்லாமல் வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவாள். காரணம் நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே தெளிவான ஒலி என்பது வீண் அலங்காரம் அல்ல. பிள்ளை படிப்பில் நிலைத்து நிற்பதற்கு அது அடிப்படை.

இசை சேர்க்கலாமா கூடாதா என்பதில் நம் குடும்பங்களிலேயே வெவ்வேறு கருத்து உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. சிறு பிள்ளைகளுக்கு எண்பாட்டு சொல்லித்தரும்போதும், வீடியோ பாடம் தயாரிக்கும்போதும் சிலர் இசை சேர்க்கிறீர்கள். சேர்க்கிறவர்கள் குரலைக் கெடுக்காமல் எப்படிச் சேர்ப்பது என்பதே இன்றைய பேச்சு. இசையே வேண்டாம் என்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படும்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம். நம் பேச்சில் உயிரோசைதான் பலமானது. 'ஆ', 'ஓ' என்பவை தூரத்திலும் கேட்கும். ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்யோசை. அது மெலிந்தது. அதன் தெளிவில் பெரும் பங்கு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. வயலின், புல்லாங்குழல், கீபோர்டு எல்லாம் வந்து உட்காருவதும் அதே பகுதியில்தான். அதனால் இசை கொஞ்சம் ஏறினால் முதலில் அடிபடுவது மெய்யெழுத்து. 'பல்லி' என்றீர்களா, 'பள்ளி' என்றீர்களா? 'வலி'யா, 'வழி'யா? உங்களுக்குப் பாடம் தெரியும், அதனால் சரியாகவே கேட்கும். முதல் தடவை கேட்கிற பிள்ளைக்கு ஊகிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று, காதில் விழுந்தாலும் கவனம் சிதறும். ரொக்ஸானா மொரேனோ, ரிச்சர்ட் மேயர் என்ற இரண்டு கல்வி உளவியல் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மின்னல் எப்படி உண்டாகிறது என்பதை அசையும் படத்தோடும் விளக்கத்தோடும் மாணவர்களுக்குக் காட்டினார்கள். பின்னணி இசையோடு கேட்டவர்கள், விளக்கத்தை மட்டும் கேட்டவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பாடம் சுவையாக இருக்கட்டும் என்று சேர்த்தது, பாடத்தையே கொஞ்சம் தின்றுவிட்டது.

ஆகவே இசைக்கு இடம் ஒதுக்குங்கள். தொடக்கத்தில் ஐந்தாறு விநாடி, ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டு மூன்று விநாடி, முடிவில் கொஞ்சம். விளக்கம் தொடங்கியதும் இசை மெல்லத் தேய்ந்து நின்றுவிட வேண்டும். அப்படியும் பின்னால் ஓடத்தான் வேண்டும் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. காது மந்தமானவர்களையும் மனத்தில் வைத்து, இணையப் பக்கங்களுக்காக 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டியில் உள்ளது அது. பேச்சைவிடப் பின்னணி ஒலி குறைந்தது 20 டெசிபெல் தாழ்வாக இருக்க வேண்டும். காதுக்கு அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சத்தமாகப் படும். இன்னொரு கண்டிப்பு: வரிகள் உள்ள பாட்டு பின்னணியில் கூடவே கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல் ஆகிவிடும்.

இனி செய்முறைக்கு வருவோம். குரல் சரியாகப் பதிவாகவில்லை என்றால் பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். நேராக ஊதுவது போல் வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் அதற்குப் பின்னால் போய்விடும். விலை கூடிய மைக் தேவையில்லை. சாதாரண இயர்போன் மைக்கே போதும், சட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் எதிரொலி அதிகம். பாய், போர்வை, திரைச்சீலை உள்ள அறையில் உட்காருங்கள். குரலின் உச்சம் மீட்டரில் கழித்தல் 12க்கும் கழித்தல் 6க்கும் இடையில் நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி உடையும், உடைந்ததை ஒட்டவைப்பது கடினம்.

பதிவு செய்த பாடத்தில் இசை சேர்க்க, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். மேல் தடத்தில் இசை, அதற்கு நேர் கீழே குரல். இரண்டையும் ஏறத்தாழ ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். இசைத் தடத்தைத் தேர்ந்தெடுத்து 'ஆட்டோ டக்' என்பதை அழுத்தினால், குரல் வரும் இடமெல்லாம் இசை தானாகத் தாழும். அது தானாக வைத்திருக்கும் அளவு 12 டெசிபெல். நமக்கு அது போதாது, 20 என்று மாற்றுங்கள்.

நேரடி வகுப்பில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு மைக் வழியாக அனுப்பாதீர்கள். ஜூம் போன்ற செயலிகள் பின்னணிச் சத்தத்தை அடக்கப் பார்க்கும். இசையையும் சத்தம் என்றெண்ணி அங்கங்கே அறுக்கும், கூடவே உங்கள் குரலும் விட்டுவிட்டுப் போகும். கணினியில் ஜூம் என்றால், திரையைப் பகிரும்போது 'ஷேர் சவுண்ட்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கூகுள் மீட்டில் குரோம் டேப்பைப் பகிரும்போது அதன் ஆடியோவையும் சேர்த்துப் பகிரலாம். ஒலி மைக்கைத் தொடாமல் நேராகப் போகும். அதைத் தாழ்த்திவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது சோதனை. உங்கள் ஹெட்போனில் இசை இரண்டு பக்கமும், குரல் நடுவிலும் தனித்தனியாகக் கேட்கும். பிள்ளையின் போனில் பெரும்பாலும் ஒரே சின்ன ஸ்பீக்கர்தான், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுங்கள். ஃபேனை ஓடவிடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் பாடம் போகும் என்றால் அதிலேயே அனுப்பி, பாதிச் சத்தத்தில் வையுங்கள். பாடம் தெரியாத ஒருவரை, உம்மாவையோ தங்கையையோ உட்காரவைத்து, காதில் விழுந்த பத்துச் சொற்களை எழுதச் சொல்லுங்கள். பத்தும் சரியாக இருந்தால் அனுப்புங்கள். எட்டுதான் என்றால் இசையைக் குறையுங்கள். அப்போதும் எட்டுதான் என்றால் இசையை எடுத்துவிடுங்கள். பாடத்துக்கு எந்த நட்டமும் இல்லை.

அடுத்த வகுப்பு முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதற்கு முன்னால், "கேட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். புரியவில்லை என்று சொல்லப் பிள்ளைக்கு வெட்கம். கேட்கவில்லை என்று சொல்வதில் அவ்வளவு வெட்கம் இல்லை. அந்த ஒரு கேள்வி எத்தனை பிள்ளைகளை வகுப்பில் நிறுத்திவைக்கிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.