ஒக்ஸ்போட் வீதியில் ஒரு கலைஞரின் கடை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் ஒரு மாலைப்பொழுதில் வீடு தேடி வந்தான். இலக்கணக் கொப்பியின் பின்பக்கமெல்லாம் படம் கீறி என்னிடம் ஏச்சு வாங்கியவன். "சேர், சந்தியிலை சின்னதாய் ஒரு கடை போடுறன். சீலையிலை கீறின பூவேலை, சுவர்ப்படம் எல்லாம் இருக்கும். நீங்கள்தான் வந்து விளக்கேத்த வேணும்" என்றான். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, "படம் கீறுறவனுக்கு எதுக்குத் தம்பி கடை?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

அவன் போனபின் எனக்கு வெட்கமாயிருந்தது. சிலப்பதிகாரம் படிப்பிக்கும் ஒருவன் கேட்கத்தக்க கேள்வியா அது? புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் இளங்கோவடிகள், ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' எனச் சுட்டி, மண்ணுருவம் செய்வோர், பொற்கொல்லர், தையற்காரர் ஆகியோரோடு ஒரே மூச்சிலன்றோ வைத்துப் பாடுகின்றார்? கலைஞனுக்குக் கடைத்தெருவில் இடமில்லை என்பது பிற்காலத்தில் எம்மிடம் வந்து ஒட்டிக்கொண்ட எண்ணம். அந்த எண்ணத்தை ஏற்க மறுத்து, முப்பத்தைந்து ஆண்டுகள் வணிகம் நடத்திய ஒரு கலைஞரைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அவர்தாம் ஆங்கிலேயரான வில்லியம் மொறிஸ். அவரைக் கவிஞராக அறிந்தோர் உளர். சமதர்மவாதியாக அறிந்தோரும் உளர். நான் பார்க்க விரும்புவது கடைக்காரரான மொறிஸை.

1834ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி, லண்டனை அடுத்த வோல்தம்ஸ்ரோவில் அவர் பிறந்தார். தந்தையார் செல்வந்தர், செப்புச் சுரங்கமொன்றில் பெரும் பங்கு வைத்திருந்தவர். அயலிலிருந்த எப்பிங் காட்டில் மட்டக்குதிரையேறித் திரிந்த சிறுவனின் கண்ணில் பதிந்த இலையும் கொடியும் இறுதிவரை அவரைவிட்டு அகலவில்லை. மதகுருவாகும் எண்ணத்தோடு 1853இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் சென்றவருக்கு அங்கே இரண்டு பேறுகள் வாய்த்தன. ஒன்று, எட்வேட் பேர்ண் ஜோன்ஸ் என்னும் வாழ்நாள் நண்பர். மற்றையது, ஜோன் ரஸ்கின் எழுதிய 'வெனிஸ் நகரக் கற்கள்' என்னும் நூல். அதில் கொதிக் கட்டடக்கலை பற்றிய அத்தியாயம் இளைஞர் மொறிஸின் உள்ளத்தைப் பிடித்தாட்டியது. செய்பவனுக்கு மகிழ்ச்சி தராத வேலை அவனை அடிமையாக்கும் என்பதே அதன் சாரம். பின்னாளில் சொந்த அச்சுக்கூடம் அமைத்தபோது, அந்த அத்தியாயத்தைத் தனி நூலாகவே 1892இல் அச்சிட்டார் என்றால், அது அவரில் எவ்வளவு ஆழ ஊன்றியிருந்தது என்று பாருங்கள்.

கடை பிறந்த கதை சுவையானது. 1859இல் ஜேன் பேர்டன் என்னும் பெண்ணை மணந்தார். ஒக்ஸ்போட்டில் குதிரை பராமரித்த ஒரு தொழிலாளியின் மகள் அவர். புதுமணத் தம்பதியருக்காக, நண்பர் பிலிப் வெப் கென்ற் மாவட்டத்தில் செங்கல் வீடொன்றைக் கட்டிக் கொடுத்தார். வீடு எழுந்துவிட்டது. உள்ளே வைக்கக் கதிரை, மேசை வேண்டும். சன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும். லண்டன் கடைகளில் கிடைத்தவையோ இயந்திரம் துப்பிய அலங்காரப் பண்டங்கள். மொறிஸின் கண்ணுக்கு அவற்றில் ஒன்றும் ஒப்பவில்லை. சரி, நாமே செய்வோம் என்று நண்பர்கள் கூடினார்கள். சுவரில் சித்திரம் எழுதினார்கள். ஜேன் துணியில் பூவேலை செய்தார். அந்த வீட்டு வேலையே 1861இல் வணிகமாயிற்று. பங்காளிகள் எழுவர். ஆளுக்கு ஒரு பவுண் முதல். மொறிஸின் தாயார் கடனாகக் கொடுத்தது நூறு பவுண். ரொசெற்றி, பேர்ண் ஜோன்ஸ், மடொக்ஸ் பிறவுன் முதலிய பெயர்பெற்ற ஓவியர்கள் பங்காளிகளாயிருந்த நிறுவனம் இவ்வளவு சொற்பப் பணத்தில் தொடங்கியது!

மொறிஸ் முதன்முதல் வரைந்த சுவர்க்கடதாசி, வீட்டுத் தோட்டத்தில் ரோசாக்கொடி படர விட்டிருந்த தட்டியைப் பார்த்து எழுந்தது. அதிலுள்ள குருவிகளை அவர் வரையவில்லை. வெப் வரைந்து கொடுத்தார். தம்மால் இயலாததை இயலாது என்று ஒப்புக்கொண்ட இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இயலாது என்று அவர் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. ஒவ்வொரு தொழிலையும் தம் கையால் பழகினார். செயற்கைச் சாயங்கள் சந்தையை நிரப்பிய 1870களில், லீக் என்னும் ஊருக்குப் போய், பழைய மூலிகைச் சாயங்களை மீட்டெடுப்பதற்காகத் தொட்டிக்குள் கைவிட்டு நின்றார். நீலத்துக்கு அவுரி. சிவப்புக்கு ஒருவகை வேர். ஒல்லாந்தர் காலத்தில் எமது மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் தோண்டப்பட்ட சாயவேரும் இதைப்போலச் சிவப்புத் தருவதுதான். அவுரித் தொட்டியிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாய் மாறும் அந்தக் கணத்தைக் காண்பதற்காகவே அவர் முழங்கைவரை நீலம் பூசியவராய்த் திரிந்தாரோ என்று நான் எண்ணுவதுண்டு.

1875இல் கூட்டு முறிந்தது. பங்காளிகள் மூவர் ஆளுக்கு ஆயிரம் பவுண் நட்டஈடு பெற்று விலகினர். மற்றைய மூவர் ஒன்றும் கேட்கவில்லை. மொறிஸ் தனியே 'மொறிஸ் அன்ட் கொம்பனி' என்று நடத்தினார். 1877இல் லண்டன் மாநகரின் பெரிய வணிகத் தெருவாகிய ஒக்ஸ்போட் வீதியில், 449ஆம் இலக்கத்தில் கடையைத் திறந்தார். சுவர்க்கடதாசி, கம்பளம், அச்சுச் சீலை, கதிரை எல்லாம் ஒரே கூரையின்கீழ்.

அங்கே விற்ற சீலைகளுள் புகழ்பெற்றது 1883இல் உருவான 'ஸ்ரோபெரித் திருடன்'. கெல்ம்ஸ்கொற் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் போட்ட வலைக்கடியால் புகுந்து பழம் திருடும் பறவைகளே அதன் பாத்திரங்கள். துணி முழுவதையும் முதலில் நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளுக்கச் செய்து, பிறகு சிவப்பையும் மஞ்சளையும் மர அச்சால் ஒவ்வொன்றாய் ஒற்ற வேண்டும். ஒரு நிறம் காய்ந்து உறைந்த பின்னரே அடுத்த நிறம். ஒரு துணியை முடிக்க நாட்கணக்காகும். அச்சுச் சீலைகளுள் அதுவே மிக விலை கூடியவற்றில் ஒன்றாயிற்று.

இங்கேதான் நேயர்களே, முள் இருக்கின்றது. வேலை மகிழ்ச்சியாயிருக்க வேண்டுமென்றால் கையால் செய்ய வேண்டும். கையால் செய்தால் நாள் செல்லும். நாள் சென்றால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குபவர் யார்? எல்லாருக்கும் அழகு வேண்டுமென்று கடை திறந்தவரின் வாசலில் வந்து இறங்கியவை பிரபுக்களின் குதிரை வண்டிகள். இரும்பாலை அதிபர் ஒருவரின் மாளிகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது மொறிஸ் ஆத்திரத்தோடு அங்குமிங்கும் நடந்தாராம். என்னவென்று கேட்டதற்கு, பணக்காரரின் பன்றித்தனமான சுகபோகத்துக்குச் சேவகம் செய்வதிலேயே என் காலம் கழிகிறது என்ற கருத்துப்படச் சீறினாராம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அவரது இளமைச் செல்வம் வந்த டெவன் மாவட்டத்துச் சுரங்கம், பின்னர் ஆர்செனிக் நஞ்சை உற்பத்தி செய்தது. அந்நாளையப் பச்சைச் சுவர்க்கடதாசிகளிலும் அந்த நஞ்சு கலந்திருந்தது. மொறிஸின் தொடக்ககாலக் கடதாசிகளும் அதற்கு விலக்கல்ல. வைத்தியர்கள் அஞ்சியபோது அவர் அதைப் பொருட்படுத்தாது எள்ளினார். வேலை செய்பவனின் மகிழ்ச்சியைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அந்தச் சுரங்கத் தொழிலாளியை ஏனோ நினைக்கவில்லை. 1870களின் நடுப்பகுதிவரை அச்சுரங்க நிர்வாகத்திலும் அவர் இருந்தார்.

1883இல் சமதர்ம இயக்கத்தில் சேர்ந்தபின் தெருமுனைகளில் நின்று பேசினார். முதலாளியே பொதுவுடைமை பேசலாமா, இலாபத்தைத் தொழிலாளருக்குப் பகிர்ந்து கொடுத்தாலென்ன என்ற கேள்விகள் எழுந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தார். பகிர்ந்தால் ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். அமைப்போ மாறாது என்ற முடிவுக்கு வந்தார். அந்த விடை அவருக்கே முழு நிறைவு தந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனினும் கடையை மூடவில்லை. புல்லால் பின்னிய இருக்கையுடைய எளிய 'சசெக்ஸ்' கதிரைகள் அங்கே மலிவாக விற்பனையாயின. பூவேலைக்கான துணியையும் பட்டுநூலையும் வாங்கிச் சென்று, பெண்கள் வீட்டிலிருந்து தைக்கலாம். அப்பிரிவை 1885 முதல் நடத்தியவர் மகள் மே மொறிஸ். 1896 ஒக்ரோபர் 3ஆம் திகதி மொறிஸ் காலமான பின்பும் நிறுவனம் 1940வரை நிலைத்தது.

எமக்கும் இக்கதைக்கும் ஓர் உறவுண்டு. ஒக்ஸ்போட் வீதிக் கடை திறந்த அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. மொறிஸ் தம் இறுதி ஆண்டில் சோசரின் நூலை அச்சிட்ட அச்சுப்பொறி, அவரது மறைவின்பின் அஷ்பீ என்பவரிடமும், பின்னர் குமாரசுவாமியிடமும் வந்தது. கண்டிக் கைவினைஞர்களின் தொழிலை ஆராய்ந்து அவர் எழுதிய 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் அந்தப் பொறியிலேதான் அச்சாகியது. மொறிஸின் சோசர், கடதாசியில் 425 பிரதிகள். குமாரசுவாமியின் நூலும் 425 பிரதிகளே. சாயத்தொழில், நெசவு, தட்டார் வேலை பற்றிய அந்நூல், அத்தொழில் செய்தவர்களில் எத்தனை பேரின் கைக்கு எட்டியிருக்கும்?

கடைத் திறப்பு நாளன்று காலை நான் மாணவனிடம் போனேன். விளக்கேற்றியபின் மொறிஸின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி: "சேர், அந்தக் குருவிச் சீலையை ஆர் வாங்கினவை?"

நான் விடை சொல்லத் தொடங்குமுன், பாடசாலைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். அவன் கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த பெரிய சுவர்ப்படத்தை எடுத்துப் பின்னால் சாய்த்து வைத்தான். கையால் கீறிய சிறிய வாழ்த்து மட்டைகளை முன்னால் பரப்பினான். நான் கதிரையை ஓரமாக இழுத்துக்கொண்டு வழிவிட்டேன்.