திருப்பாலைவனத்துப் பூனைகள் சொன்ன பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1903-ல் தொடங்கிய இந்தக் கல்லூரியில் மாடு, குதிரை, ஆடு, கோழி என்று எல்லாப் பாடமும் ஒழுங்காகப் படித்தவன் நான். பூனைப் பாடம் வந்தால் மட்டும் கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்துவிடுவேன். குற்றம் என்னுடையதுதான். அதற்கான தண்டனை திருப்பாலைவனத்தில் காத்திருந்தது.

பணியில் சேர்ந்த புதிது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் திருப்பாலைவனம். அதைத் தாண்டினால் ஏரிக்கரைக் குப்பங்கள். அங்கே பூனை செல்லப்பிராணி அல்ல, தொழிலாளி. வலையை எலி கடித்தால் அன்றைய பிழைப்பு போச்சு. அதனால் வீட்டுக்கு வீடு பூனை உண்டு.

ஒரு குப்பத்தில் ஒரே வாரத்தில் ஏழு குட்டிகள் செத்தன. வாந்தி, பேதி, ஒரே நாளில் முடிவு. பூனைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீன்ல மருந்து வெச்சிட்டாங்க டாக்டர்" என்றார். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே 'பாடு' தகராறு. ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டுவது என்று ஊர் வகுத்த முறைதான் பாடு. பஞ்சாயத்து கூடியது. என்னையும் கேட்டார்கள். தெர்மாமீட்டர் கூட வைத்துப் பார்க்காத நான், "விஷமா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

"இருக்கலாம்" என்ற என் வார்த்தை ஊருக்குத் தீர்ப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாடு நிறுத்தப்பட்டது. அடுப்பு எரியாத வீடு அது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் அந்த வீட்டுக் கிழவி முந்தானையில் ஒரு பூனையைச் சுற்றி எடுத்து வந்தாள். "எம் பூனைக்கு நானே வெசம் வெப்பனா டாக்டரே?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் தெர்மாமீட்டரை எடுத்தேன். 105 டிகிரி! தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு, குடிக்க முடியாமல் அந்தப் பூனை உட்கார்ந்திருந்த கோலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு வேப்பேரிக்கு பஸ் ஏறினேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்த என் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "வெள்ளையணு எங்கேப்பா?"

நண்பர்களே, வெள்ளையணுக்களை அழிக்கும் இந்த நோய்க்குப் பெயர் பேன்லூக்கோபீனியா. கிருமி, பார்வோ இனத்து வைரஸ். 1978-ல் உலகெங்கும் நாய்களைத் தாக்கி, 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கும் வந்து சேர்ந்த நாய்ப் பார்வோவுக்கு இது நெருங்கிய உறவு. வேகமாகப் பிரியும் செல்களைத்தான் இது தேடிப் போகும்: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர். சினைப் பூனையைத் தாக்கினால் குட்டியின் சிறுமூளை வளராது. பிறந்த குட்டி தள்ளாடியே நடக்கும். புலி, சிங்கத்தையும் விடாது. மனிதருக்கு வராது.

ஊர் திரும்பியதும் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நெஞ்சு திக்கென்றது. நான் நுழைந்த வீடுகளில், நான் போய் நாலைந்து நாள் கழித்துப் பூனைக்கு நோய் வந்திருந்தது. அதே செருப்பு, அதே பை, சோப்புப் போட்டுக் கழுவாத அதே கை. குப்பத்தில் விஷம் வைத்தவன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அந்த ஆள் நான்தான்.

மறுநாள் பஞ்சாயத்தில் நின்று அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஊர்ப் பெரியவர், "தப்பை ஒத்துக்கினாரு, வுடுங்கப்பா" என்றார். பாடு திரும்பக் கிடைத்தது.

சிகிச்சைக்கு வருவோம். வைரஸைக் கொல்ல வழக்கத்தில் உள்ள மருந்து கிடையாது. பூனையைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். இளஞ்சூடான ரிங்கர் லாக்டேட் நரம்பில். நரம்பு கிடைக்காவிட்டால் தோலடியில். வாந்தியை நிறுத்த ஊசி. குடல் புண்ணாகி, வெள்ளையணுவும் இல்லாததால் பாக்டீரியா ரத்தத்தில் புகும், அதற்கு ஆன்டிபயாடிக். வாந்தி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. கதகதப்பு முக்கியம். முதல் ஐந்து நாளைத் தாண்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அன்று மூன்று பூனைகளுக்கு சலைன் ஏற்றினோம். இரண்டு பிழைத்தன. கிழவியின் பூனை பிழைக்கவில்லை.

மாணவர்களே, மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இந்த வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு கூட உயிரோடு இருக்கும். ஸ்பிரிட்டுக்கு அஞ்சாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஊறவிடுங்கள். பினாயில் வேண்டாம், அது பூனைக்கே நஞ்சு. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களையும் தடுங்கள். பூனைக்கு அது எமன்.

இரண்டு, தடுப்பூசி. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. அன்று குப்பத்தில் அந்தப் பேச்சே இல்லை. இன்று சென்னையில் கிடைக்கிறது. ஏரிக்கரைக்குக் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு. சினைப் பூனைக்கு உயிருள்ள தடுப்பூசி போடாதீர்கள்.

மூன்று, பரிசோதிக்காமல் வாயைத் திறக்காதீர்கள். நம் "இருக்கலாம்" ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிக்கும்.

அன்று என் ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. கையில் ஒரு பாட்டில் ஃபார்மலினைக் கொடுத்து, "அடுத்த தடவை குடல் துண்டும் கொண்டு வா" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் என் மிச்சப் பணிக்காலம் ஓடியது.