"சொன்னேனே, மறந்துபோனீங்களா?"

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொன்னதை மறக்கிறவர் வயதானவர் என்றால் பொறுத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயதுப் பெண் என்றால், "அவவுக்கு அக்கறை இல்லை" என்று முடித்துவிடுவோம். அவருக்கு எம்.எஸ். இருக்கலாம். மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற இந்த நோய் பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஊரில் அரிது, எங்கள் பெற்றோர் பலர் இதன் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். வெயில் குறைந்த இந்த வட நாடுகளில்தான் கூடுதல்.

பிள்ளைகளே, மின்சார வயரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே செம்புக் கம்பி, வெளியே பிளாஸ்ரிக் உறை. எங்கள் நரம்பிழைகள் பலவற்றுக்கும் மயலின் என்கிற கொழுப்பு உறை உண்டு. உறை உள்ள நரம்பில் செய்தி ஒரு விநாடிக்கு 100 மீற்றர் வரை ஓடும். உறை இல்லாததில் ஒன்றிரண்டு மீற்றர்தான். கிருமிகளோடு சண்டைபிடிக்க வேண்டிய உடம்பின் காவற்காரரே ஆள் மாறி இந்த உறையை அரிப்பதுதான் எம்.எஸ். அரித்த இடத்தில் தழும்பு விழும், எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

தழும்போடு நிற்பதில்லை. வயதோடு எல்லோருடைய மூளையும் சிறிது சுருங்கும், எம்.எஸ். உள்ளவருக்கு அது வேகமாக நடக்கிறது. மூளையின் நடுவில் செய்திகளை வாங்கி அனுப்பும் தலாமஸ் என்கிற பகுதி ஆரம்பத்திலேயே மெலியத் தொடங்குகிறது.

1868இல் பாரிஸின் சல்பெத்ரியே வைத்தியசாலையில் இந்த நோயை விளக்கிய ஷார்க்கோ என்ற வைத்தியர், நோயாளருடைய நினைவு பலவீனமாவதையும் கவனித்துச் சொன்னார். ஆனாலும் நெடுங்காலம் இதைக் கை, கால் நோயாகவே பார்த்தார்கள். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நினைவிலோ சிந்திக்கும் வேகத்திலோ சிரமம் உண்டு. நன்றாக நடக்கிறவருக்கும் இது வரலாம். அதனால்தான் எங்களுக்குத் தெரிவதில்லை.

இதை அறிய ஒரு சோதனை உண்டு. தாளின் மேலே ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். கீழே குறிகள் மட்டும் வரிசையாக இருக்கும். 90 விநாடிக்குள் எத்தனைக்குச் சரியான இலக்கம் சொல்ல முடியும்? விளையாட்டுப்போல இருக்கும், வீட்டில் செய்துபாருங்கள். எம்.எஸ். உள்ளவர் பலர் இதில் பிந்துவது அறிவு குறைந்ததால் அல்ல, செய்தி மெதுவாகப் போவதால்.

மறதியும் பெரும்பாலும் அப்படித்தான். ஆராதனை முடிந்து தேநீர் வேளையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கதைக்கும்போது, "பயிற்சி நாலு மணிக்கு மாத்தியாச்சு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். அது அவருக்குள் பதியவே இல்லை. ஆறுதலாக இரண்டு மூன்று தரம் சொன்னால் பதியும்; பதிந்தால் நிற்கும். பழைய பாட்டுகளும் படித்த தொழிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் "சொன்னேனே, மறந்துபோனீங்களா?" என்று ஆட்கள் முன்னால் பலமுறை கேட்டால், பாடகர் குழுவிலிருந்து ஒருவர் சத்தமில்லாமல் நின்றுவிடுவார். காரணம் சொல்லமாட்டார். அதுதான் எனக்குக் கவலை.

ஆகவே ஒருவர் ஒருவராகக் கதையுங்கள். நேரத்தையும் இடத்தையும் எழுதி அனுப்புங்கள். சொல்லைத் தேடுகிறவருக்கு நீங்கள் சொல் எடுத்துக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பிள்ளைகளே, அன்ரி உங்கள் பெயரை இரண்டாம் தரம் கேட்டால் சிரிக்காமல் சொல்லுங்கள். விழா நாளில் மண்டபம் சூடேறினால் ஒரு யன்னலைத் திறந்துவிடுங்கள். சூட்டில் அந்த நரம்புகள் இன்னும் மந்தமாகும், குளிர்ந்ததும் பழையபடி வரும்.

எம்.எஸ். உள்ளவர்களுக்கும் ஒன்று. புதிய தழும்புகளைக் குறைக்கும் மருந்துகள் இன்று உண்டு. வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மனச்சோர்வும் தூக்கக்குறைவும் மறதியைக் கூட்டும், அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது கண்ணையும் காலையும் பற்றி மட்டும் சொல்லாமல் நினைவைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எம்.எஸ். இல்லாத எனக்கே அந்தக் கதிரையில் இருந்தால் பாதி மறந்துவிடுகிறது.